காசிம் சாகிப் கைதட்டாத தீர்ப்பு

அரூருக்கு அருகே ஒரு வரப்புத் தகராறில், கோர்ட்டு நியமித்த கமிஷனராக நிலத்தைப் பார்வையிடப் போயிருந்தேன். தருமபுரியிலிருந்து வந்த பஸ் சாலையோரம் நின்றது. கண்டக்டர் இறங்கி, வயலுக்குள்ளேயே நடந்து வந்தார். "சார், உங்க கூட்டாளி சாயபு வக்கீல் காலைல தவறிட்டாருங்க. மத்தியானத் தொழுகை முடிஞ்சதும் எடுக்கறாங்களாம். உங்களக் கண்டா சொல்லச் சொன்னாங்க" என்றார். வாதியும் எதிர்வாதியும் ஒரே சமயத்தில் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்கள். இருவருக்குமே ஏதோ ஒரு காலத்தில் அவர் வக்கீலாக இருந்திருக்கிறார்.

அடுத்த பஸ் பிடித்து நான் ஊர் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அவருடைய மூத்த மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தா நேத்து சாயங்காலம்கூட உங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தாருங்க. மாரண்டஹள்ளி வழக்குல நீங்க அவர மொதல்ல தோக்கடிச்சதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு" என்றார். தோற்ற வழக்கை நினைத்துச் சிரிக்கும் வக்கீல்கள் குறைவு. ஜெயித்த வழக்கை நினைத்து முகம் சுளித்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். அந்த இரண்டு வழக்குகளையும் சொல்லிவிட்டால் அவரைச் சொன்னதாகிவிடும் என்று நினைக்கிறேன்.

நம் தருமபுரிக் கோர்ட்டுக்கு வந்துபோகிறவர்களுக்குக் காசிம் சாகிப்பை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தோல் வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, வியாபாரத்தைத் தம்பிகளிடம் விட்டுவிட்டுச் சட்டம் படிக்கப் போனவர். நெடிய உருவம், கறுப்புத் தொப்பி, எப்போதும் கொஞ்சம் சளி பிடித்தது போன்ற குரல். கட்சிக்காரர் ஓடிவந்து "ஜெயிச்சுட்டமுங்களா?" என்று கேட்டால், "ஜெயிச்சோம். ஏன் ஜெயிச்சோம்னு இன்னும் தெரியல. தீர்ப்பு நகல் வரட்டும்" என்பார். பாவம், கட்சிக்காரர் வாங்கி வந்த மிட்டாய்ப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருப்பார். நாங்களெல்லாம் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அவர் சட்டை செய்ததில்லை.

இரண்டாவது உலக யுத்தம் ஆரம்பிப்பதற்கு முந்தைய காலம். சித்தேரி மலையிலிருந்து வெள்ளச்சி என்ற பெண் தன் அண்ணனோடு அவரைத் தேடி இறங்கி வந்தாள். புருஷனோடு வாழப் பிடிக்காமல் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டவள். மலைக்காரர்களிடையே இது புதிதல்ல. ஊர்ப் பெரியவர்கள் கூடி, வாங்கிய பரிசத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, பெண்ணை விடுவித்துவிடுவார்கள். அவளுக்கும் அப்படித்தான் விடுதலை கொடுத்திருந்தார்கள். ஆனால் அந்தப் புருஷன் கீழே ஒரு புளி வியாபாரியிடம் வேலை பார்த்துவந்தான். அவர் தூண்டிவிட, பெண்டாட்டியைத் தன்னோடு வாழ அனுப்ப உத்தரவிட வேண்டும் என்று நம் முன்சீப் கோர்ட்டில் பிராது போட்டுவிட்டான். மலை வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி முன்சீப் அவனுக்கு டிக்கிரி கொடுத்தார். சேலம் ஜில்லா கோர்ட்டிலும் அதுவே உறுதியானது.

காசிம் சாகிப் விடவில்லை. இரண்டாவது அப்பீலை ஹைகோர்ட்டுக்குக் கொண்டுபோனார். அப்போது ஓடிக்கொண்டிருந்த சின்ன ரயிலில் மொரப்பூர் போய், அங்கே மெயில் பிடித்துச் சென்னைப் பட்டணம் போய், பெரிய வக்கீலின் பின்னால் உட்கார்ந்து காகிதம் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். ஜெயிக்கும் என்று அவரே நம்பவில்லை. அப்பீலைக் கேட்ட நீதிபதி குடும்ப வழக்குகளில் பழைய சம்பிரதாயத்தை விட்டு அங்குலம் நகராதவர் என்று பெயர் எடுத்தவர்.

அவர்தான் கீழ்க்கோர்ட்டுகள் இரண்டையும் புரட்டிப் போட்டார். "விருப்பமில்லாத ஒரு பெண்ணை ஒரு வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவது நீதிமன்றத்தின் வேலையல்ல" என்று அவர் எழுதிய வாக்கியம் பத்திரிகைகளில் வந்தது. வக்கீல்கள் கூடும் எங்கள் பார் அறையில் அன்று வேறு பேச்சே இல்லை. ஏன் இப்படி எழுதினார் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். ஓய்வு பெறப் போகிறார், சட்டசபையில் நாற்காலி தேடுகிறார் என்றார் ஒருவர். மந்திரிசபை சீர்திருத்தம் பேசும்போது கோர்ட்டு பின்தங்கிவிடக் கூடாதல்லவா என்றார் இன்னொருவர். லண்டன் பத்திரிகையில் பேர் வர வேண்டும் என்ற ஆசை என்றார் மூன்றாமவர். எல்லோரும் சிரித்தோம், எல்லோரும் கைதட்டினோம். வழக்கை ஜெயித்தவர் மட்டும் மூலையில் உட்கார்ந்து, "நகல் வரட்டும்" என்றார்.

நகல் வந்தது. மறுநாள் என் மேஜைக்கு அதைக் கொண்டுவந்து வைத்தார்.

"வேங்கடாசலம், எல்லாரும் படிச்ச வாக்கியத்த விட்டுடுங்க. அதுக்கு அடுத்த பத்தியப் படிங்க."

படித்தேன். இம்மலைவாசிகளின் இடையே மணவாழ்க்கை என்பது புனிதமான பந்தம் அல்ல. தளர்வான ஓர் ஏற்பாடு. அநாகரிக நிலையில் உள்ள இத்தகையோரை உயர்ந்த சமூகங்களின் அளவுகோலால் அளப்பது பொருந்தாது. ஆகவே இந்தப் பெண்ணை வற்புறுத்துவதில் பயனில்லை. இதுதான் அந்தப் பத்தியின் சாரம்.

"பார்த்தீங்களா? கதவத் திறந்துவிட்டாரு, வாஸ்தவம். ஏன் திறந்துவிட்டாரு? அவருக்கு அது வீடாவே தோணல. தொழுவம்னு நெனச்சுத் திறந்துவிட்டாரு" என்றார் காசிம் சாகிப்.

அந்த வார இறுதியில் ஊர்ப் பிரமுகர்கள் ஒரு கூட்டம் போட்டார்கள். பெண்குலத்துக்கு நியாயம் செய்த நீதிபதிக்கு நன்றி தெரிவித்து ஒரு தீர்மானம், வழக்கை நடத்திய வக்கீலுக்கு ஒரு மாலை என்று ஏற்பாடு. வெள்ளச்சியின் அண்ணனையும் அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். தீர்மானத்தை வாசித்து முடித்ததும் காசிம் சாகிப் எழுந்தார். "நன்றி சொல்றதுல எனக்கு ஆட்சேபணை இல்லீங்க. எதுக்கு நன்றி சொல்றோம்னு தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லுவோம்" என்று அந்தப் பத்தியைத் தமிழில் வாசித்தார். தலைமை வகித்தவருக்குக் கோபம் வந்தது. "நல்லது செஞ்சாலும் குத்தமுங்களா வக்கீல் சாயபு? பொண்ணுக்கு விடுதலை கெடச்சுதா இல்லியா?" என்றார். "கெடச்சுது. அதை நான்தான் கேட்டு வாங்கினேன். அதுக்காக இதை வாசிக்காம இருக்க முடியாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்துக் கை தூக்கியவர் அவர் மட்டுமே. மாலை மேஜையிலேயே கிடந்தது. அவர் அதிகப்படியாகப் போய்விட்டார் என்றுதான் அன்று நானும் நினைத்தேன்.

அண்ணன் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த சந்தை நாளில் வெள்ளச்சியே இறங்கி வந்தாள். நான் அப்போது அவருடைய அறையில் இருந்தேன். அவள் உட்காரவில்லை.

"எங்களப் பத்தி என்னமோ எழுதியிருக்குதாமேங்க. முழுசாச் சொல்லுங்க."

அவர் எதையும் மறைக்காமல் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள்.

"நான் இனி அந்த வூட்டுக்குப் போவணுங்களா, வேண்டாங்களா?"

"வேண்டாம்மா. யாரும் உன்னைக் கூப்பிட முடியாது."

"அது போதுங்க. ஆனா எங்க வழக்கம் இன்னதுன்னு அவரு யாருகிட்டக் கேட்டாரு? பெரியவங்க ஏழு ஊரு கூடி, பொழுது சாயற வரைக்கும் பேசித்தான் என்னைய விட்டாங்க. அவ்வளவு லேசாவா விட்டாங்க?" என்றாள். பிறகு, "அந்த எழுத்த அழிக்க முடியாதுங்களா?" என்று கேட்டாள்.

"அழிக்க முடியாதும்மா" என்றார். அதைச் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவரை அப்படி நான் அதற்கு முன் கண்டதில்லை.

அதன் பிறகு அவரிடம் ஒரு மாற்றம் வந்தது. நீதிபதிகளின் உள்நோக்கம் பற்றி மற்றவர்கள் அரட்டை அடித்தால் சேர்ந்துகொள்ள மாட்டார். "நாற்காலிக்கு எழுதினாரா, பேருக்கு எழுதினாரான்னு பேசிக்கிட்டிருந்தா பொழுது போகும். அந்த எழுத்த வச்சு அடுத்த ஆளுக்கு என்ன செய்யலாம்னு பாருங்க" என்பார். அவருக்கு நம்பிக்கை வந்துவிடவில்லை. அவநம்பிக்கையை வைத்து வேலை செய்யக் கற்றுக்கொண்டார்.

அந்த அடுத்த ஆள் யுத்த காலத்தில் வந்தாள். கெங்கம்மா. மாரண்டஹள்ளிப் பக்கம் காய்கறித் தோட்டம் வைத்திருந்த ஒருவரின் மகள். வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுகிறவர்கள். அவளுடைய இடது மணிக்கட்டு ஒடிந்து, கோணலாகக் கூடியிருந்தது. புருஷன் உலக்கையால் அடித்தது என்றாள் அவள். வண்டியிலிருந்து விழுந்தது என்றார் புருஷன். அவள் தகப்பன் வீட்டுக்கு வந்துவிட்டாள். புருஷன் அவளைத் தன்னோடு வாழ அனுப்பச் சொல்லிப் பிராது போட்டார். புருஷனுக்கு வக்கீல் நான்.

வெள்ளச்சி தீர்ப்பைக் கேள்விப்பட்டுத்தான் அவளுடைய அப்பா காசிம் சாகிப்பிடம் போயிருக்கிறார். இவர் உள்ளதைச் சொல்லியிருக்கிறார்: "அந்தத் தீர்ப்பு உங்க மகளுக்காக எழுதினதில்லீங்க. மலைக்காரங்களுக்கு மட்டும்னு வேலி போட்டு எழுதியிருக்காரு. வேலியத் தாண்ட முடியுமான்னு பார்க்கலாம். முடியும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

ஊரில் பேச்சு கிளம்பியது. காலமும் நல்ல காலமாக இல்லை. இந்துக் குடும்ப விஷயத்தில் சாயபுக்கு என்ன வேலை என்று டீக்கடையில் பேசினார்கள். கெங்கம்மாவின் புருஷனுடைய சொந்தக்காரர்கள் இருவர் அவர் வீட்டு வாசலுக்கே போய், "உங்க சனத்து வழக்க மட்டும் பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்கள். நான் இதைக் கேள்விப்பட்டு அவரிடம் போனேன். "அவங்க என்னை மெரட்ட வந்தாங்க. காபி கொடுத்தேன். குடிச்சுட்டுப் போயிட்டாங்க. நீங்க உங்க வேலையைப் பாருங்க வேங்கடாசலம், நல்லாத் தயார் பண்ணிட்டு வாங்க" என்றார்.

நன்றாகவே தயார் செய்துகொண்டு போனேன். குறுக்கு விசாரணையில் கெங்கம்மாவிடம், "வண்டியிலிருந்து விழுந்துதானே கை ஒடிந்தது?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்து நிதானமாகப் பதில் சொன்னாள்: "வண்டியிலிருந்து விழுந்திருந்தா, கட்டுப் பிரிக்கற வரைக்கும் எங்கப்பனுக்கு ஏங்க ஆளனுப்பல? வந்த எங்கம்மாவ ஏங்க வாசல்லயே திருப்பி அனுப்பினாங்க?" நான் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

வாதத்தில் அவர் ஹைகோர்ட்டின் அந்த வாக்கியத்தை வாசித்தார். நான் எழுந்து, அடுத்த பத்தியையும் வாசிக்க வேண்டும் என்றேன். வாசித்தேன். இது மலைவாசிகளுக்கு மட்டும் எழுதப்பட்டது. அந்த நீதிபதியின் எண்ணம் இதில் வெளிப்படையாக இருக்கிறது. சமவெளியில் முறைப்படி தாலி கட்டிய குடும்பத்துக்கு இதை இழுக்க முடியாது என்றேன். அவர் கோபப்படவில்லை. சிரித்த முகத்தோடு எழுந்தார். அவர் சொன்னது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது.

"அந்த நீதிபதியின் எண்ணம் என்ன என்று நண்பர் காட்டிவிட்டார். அது நல்ல எண்ணம் அல்ல என்று நானே ஒப்புக்கொள்கிறேன். அவர் நினைத்ததை நான் இங்கே கொண்டுவரவில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டதைக் கொண்டுவந்திருக்கிறேன். எண்ணம் அவருடையது. எழுத்து நம்முடையது. விருப்பமில்லாத ஒரு பெண் என்று எழுதியிருக்கிறார். இதோ நிற்பவளும் ஒரு பெண்தான்."

முன்சீப்பின் பேனா சிறிது நேரம் நின்றது. ஆனால் தீர்ப்பு என் பக்கம்தான் வந்தது. மேல்கோர்ட்டு போட்ட வேலியைத் தாண்டக் கீழ்க்கோர்ட்டுக்கு அதிகாரமில்லை என்று எழுதிவிட்டார். கோர்ட்டு வளாகத்தில் கெங்கம்மா புடவைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டு நின்றாள். காசிம் சாகிப் அவளிடம் போய், "பயப்படாதம்மா. இந்த டிக்கிரிய வச்சு உன்னத் தூக்கிட்டுப் போக முடியாது, போலீசும் வராது. அப்பா வூட்டிலேயே இரு. நான் சேலம் போறேன்" என்றார். பிறகு என்னிடம் வந்து கைகுலுக்கினார். "நல்லா வாசிச்சீங்க. அந்தப் பத்தியை இவ்வளவு திருத்தமா யாரும் வாசிச்சதில்ல" என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சேலத்தில் ஜில்லா ஜட்ஜ் அப்பீலைக் கேட்டார். நானே போய் வாதாடினேன். தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. ஹைகோர்ட்டின் வாக்கியம் பொதுவானது, அடுத்த பத்தி அந்த வழக்கைப் பற்றிய ஒருவருடைய அபிப்பிராயம் மட்டுமே, சட்டம் அல்ல என்று எழுதியிருந்தார். எங்கள் பாரில் மறுபடியும் ஆச்சரியம், மறுபடியும் காரணங்கள். காசிம் சாகிப் நகலை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் வைத்துப் படித்தார். மறுநாள் கலவரப்பட்ட முகத்தோடு வந்தார். "எங்கேயும் வேலி இல்ல. குத்தம் எதுவும் கண்டுபிடிக்க முடியல. அதான் பயமா இருக்கு" என்றார்.

அந்த ஜட்ஜுக்கு மாற்றல் வந்தபோது சேலம் வக்கீல்கள் வழியனுப்பு உபசாரம் வைத்தார்கள். நாங்கள் இருவரும் போயிருந்தோம். டீ குடித்துக்கொண்டிருக்கும்போது காசிம் சாகிப் நேரே அவரிடம் போய்விட்டார். நான் சட்டையைப் பிடித்து இழுக்காத குறை. "ஒரு விஷயம் கேட்கலாமா? மாரண்டஹள்ளி வழக்கில் அப்படி எழுத உங்களுக்கு என்ன காரணம்?" என்று கேட்டார். வேறு ஜட்ஜாக இருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார். அவர் கோபிக்கவில்லை. "காரணமா? உங்கள் கட்சிக்காரி கை ஒடிந்த விஷயத்தில் சொன்ன சாட்சியத்தைப் படித்தேன். அவள் சொல்வது உண்மை என்று தோன்றியது. அவ்வளவுதான்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் காசிம் சாகிப் ஜன்னலோரம் உட்கார்ந்தார். தொப்பூர்க் கணவாய் ஏறும்போது என் பக்கம் திரும்பினார். "இத்தன வருஷத்துல எல்லாக் காரணத்தையும் யோசிச்சிருக்கேன் வேங்கடாசலம். அவ சொன்னத அவரு நம்பியிருப்பாருன்னு மட்டும் யோசிக்கலியே." வண்டி கணவாயைத் தாண்டியது. "இருந்தாலும் நகல் வாங்கிப் படிச்சது தப்பில்ல" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம்.

கெங்கம்மா இப்போது அப்பாவின் தோட்டத்தைத் தானே நடத்துகிறாள். தக்காளியும் கத்திரியும் ஓசூர் வரைக்கும் அனுப்புகிறாள். வெள்ளச்சி தன் மலையிலேயே வேறு ஒருவரோடு குடும்பமாக இருக்கிறாள். அவளுக்காக அவர் செய்த ஒன்று பலருக்குத் தெரியாது. அந்த ஹைகோர்ட்டுத் தீர்ப்பை நம் கோர்ட்டில் யார் எடுத்துக் காட்டினாலும், தனக்குச் சம்பந்தமே இல்லாத வழக்கானாலும், காசிம் சாகிப் எழுந்து நிற்பார். சேலம் தீர்ப்பைக் காட்டி, "அந்தப் பத்தி சட்டமல்ல, வாசிக்க வேண்டியதில்லை" என்று கேட்டுக்கொள்வார். முன்சீப்புகள் மாறினார்கள், அவர் கேட்டுக்கொள்வது மாறவில்லை. கடைசியில் யாரும் அதை வாசிப்பதில்லை என்றாகிவிட்டது. எழுதியதை அழிக்க முடியவில்லை. வாசிக்கவிடாமல் செய்துவிட்டார்.

அவருடைய குணத்தில் எனக்கு ஒவ்வாததும் உண்டு. நல்ல மனதோடு வந்த சிலரை அவர் சந்தேகத்தால் புண்படுத்தியிருக்கிறார். சுதந்திரம் வந்த அன்று ஊரே கொடியேற்றிக் கொண்டாடும்போது, "இனி நம்ம ஆளுங்களே ஜட்ஜா வருவாங்க. இன்னும் ஜாக்கிரதையாப் படிக்கணும்" என்று சொல்லி ஒரு பழைய காங்கிரஸ்காரரைக் கண்கலங்க வைத்துவிட்டார். ஆனால் அவர் சந்தேகப்பட்ட எவரையும் வெறுத்து நான் பார்த்ததில்லை. சொந்த லாபத்துக்காகச் சந்தேகப்பட்டதும் இல்லை.

அவரைப் போல யோசிக்க எனக்கு வராது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம்: தீர்ப்பு யாரைப் பற்றியதோ அவருக்கு அதை முழுதாக வாசித்துக் காட்டுவது. அடக்கம் முடிந்த அடுத்த வாரம் வத்தல்மலைக்காரர் ஒருவருடைய, மேல்கோர்ட்டு மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்பிய நில வழக்கில் தீர்ப்பு வந்தது. வென்றிருந்தோம். அவர் கும்பிட்டுவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். "உட்காருங்க" என்று சொல்லி, முதலிலிருந்து கடைசிவரை தமிழில் சொன்னேன். அவருக்குச் சாதகமானதையும் சொன்னேன், அவரைக் குறைத்து எழுதியிருந்ததையும் சொன்னேன். பஸ் போய்விட்டது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "இதே நெலத்த இதே கோர்ட்டு முன்ன எதிராளியோடதுன்னு சொல்லிச்சுங்களே. அன்னைக்கும் இதே பத்திரத்தத்தான காட்டினோம். இப்ப மட்டும் எப்படிங்க கண்ணுக்குத் தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை என்று அவரிடமே சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, "இனிமே எந்தக் காகிதம் வந்தாலும் உங்ககிட்டயே கொண்டாறேங்க" என்றார். ஒரு கட்சிக்காரர் என்னை முழுதாக நம்பியதை அன்றுதான் பார்த்தேன்.